ஏட்டு மாடுகள்

மெரிங்கல் டவுன்ஸ் பண்ணை விலைக்கு வந்தபோது
மதிப்புப் போட என்னை அனுப்பினார்கள்.
குட்டி விமானத்திலிருந்து இறங்கி
முதலில் எண்ணியது ஈக்களை.

அலுவலக அறையில் பேரேடுகள்.
கரையான் தின்றது போக பதினாலு.
முதல் ஏட்டில் ஹெக்டர் ட்ரம்மண்ட்டின் சாய்ந்த கையெழுத்து,
1884, சிவப்பு மண்ணில் வண்டி நின்ற அன்று:
"புல் உண்டு. தண்ணீர் உண்டு. ஆள் இல்லை."

அடுத்த வரி:
"இரவில் ஆட்கள் வந்து
மூன்று மாடுகளை ஈட்டியால் குத்திவிட்டார்கள்."
இல்லாத ஆட்கள்.

அதற்கடுத்த இரண்டு தாள்கள் இல்லை.
ஆத்திரத்தில் கிழித்ததல்ல,
அளவுகோல் வைத்து நிதானமாகக் கிழித்தது.
ஆநிரைக்காகச் செத்தவர்களுக்குக் கல் நடுவார்கள் என்று படித்திருக்கிறேன்.
இங்கே கல் நிறைய இருக்கிறது,
நட்டது ஒன்றும் இல்லை.

பிறகு ஆழ்குழாய்.
ஆயிரத்து முந்நூறு அடியில் பீறிட்டது தண்ணீர்,
கொதிக்கக் கொதிக்க, அழுகிய முட்டை வாடையோடு.
மாடுகள் வாய்க்காலோரமாகவே இரண்டு மைல் நடந்து
ஆறிய இடத்தில் குடித்தன.
ட்ரம்மண்ட் அதிலேயே தேநீர் போட்டுக்கொண்டார்.

ஒட்டகத்தின் மேல் ஒரு பியானோ வந்தது.
ஒட்டகக்காரர் ஷேர் தில் எழுதிக் கொடுத்த
கூலி பாக்கிச் சீட்டு
இன்னும் அதே பக்கத்தில், குண்டூசியோடு.

1912. கைமாற்றம்.
ஏட்டில் ஒன்பதாயிரத்து நூறு மாடு.
லண்டன் கம்பெனி ஏட்டைப் பார்த்துப் பணம் கட்டியது.
வளைத்து ஓட்டிவந்து எண்ணினால் ஐயாயிரத்துச் சொச்சம்.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்;
ஏட்டு மாடு சிலருக்கு
நன்றாகவே கறந்திருக்கிறது.

குதிரைகளுக்குத் தனிப் பேரேடு:
நிறம், தாய், தகப்பன், நெற்றிச் சுழி.
மனிதர்களுக்கு ரேஷன் பத்தி.
மாவு, தேயிலை, சர்க்கரை, புகையிலை.
டாமி. இன்னொரு டாமி. மூன்றாம் டாமி.
புதன்கிழமை.

புதன்கிழமை வந்து சேர்ந்தவராம்.
நாற்பத்தோரு வருஷம்
எல்லாக் கிழமைகளிலும் புதன்கிழமை.

மழை: இல்லை.
மழை: இல்லை.
மழை: இல்லை.
பிறகு அந்தப் பத்திக்குக் கோடு போடுவதையே விட்டுவிட்டார்கள்.
பிறகு வெள்ளம்.
தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதில்
1939ஐ மட்டும் பிரிக்க முடியவில்லை.

1968. எல்லோருக்கும் ஒரே சம்பளம் என்று சட்டம்.
மேலாளர் ராய்ஸ் பெட்டிங்கர் பச்சை மையில் எழுதுகிறார்:
"இனித் தேவையில்லை. லாரி வாடகை, பதினெட்டு டாலர்."
எத்தனை பேர் ஏறினார்கள் என்பதற்குப் பத்தி இல்லை.
அடுத்த பக்கத்திலிருந்து முள்கம்பி.
சுருள் சுருளாக, வருஷக்கணக்கில் முள்கம்பி.
மாடு எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்தவர்களை
லாரியில் ஏற்றிவிட்டால்
பிறகு வேலிதான் போடவேண்டும்.

நாலாம் நாள் நோரீன் வந்தாள்,
பண்ணையை வாங்கப்போகும் குடும்பங்களின் சார்பில்.
மாடு எத்தனை என்று கேட்கவில்லை.
"புதன்கிழமை இருக்கிற புத்தகம் எது?"

அவளுடைய அம்மாவின் அப்பா.
விரலை வைத்து வாசித்துக்கொண்டே வந்தவள்
புகையிலையில் நின்று சிரித்துவிட்டாள்:
"அவருக்குப் புகை ஆகவே ஆகாது."

உண்மைப் பெயர் என்ன என்றேன்,
பேனா மூடியைத் திறந்தபடி.
பேனாவைப் பார்த்தாள்.
"போனவங்க பெயரைச் சொல்றதில்ல."
மூடினேன்.

வெளியே போகும்போது
முதல் ஏட்டின் கிழிசலைத் தடவிப் பார்த்தாள்.
"இதைத் தேடாதீங்க" என்றாள்.
"எந்த ஓடைன்னு எங்களுக்குத் தெரியும்."
குழாயில் வாய் வைத்துக் குடித்து முகம் சுளித்து
"இன்னும் முட்டைதான்" என்றபடி ஜீப்பில் ஏறினாள்.

என் அறிக்கையில்
பியானோவுக்குப் பூஜ்யம் போட்டேன்.
ஷேர் தில்லின் பாக்கியைக் கடன் பத்தியில் சேர்த்தேன்,
அடித்துவிடுவார்கள் என்று தெரிந்தே.
பேரேடுகளுக்கு என்ன போடுவது என்று தெரியாமல்
விமானம் வரும்வரை
பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன்.
ஈக்கள் என்னை
எண்ணிக்கொண்டிருந்தன.